ஒரு மாச வெள்ளோட்டம்

நாகர்கோவில் வரைக்குமா சார்? நல்லதாப் போச்சு. நானும் கடைசி வரைக்கும்தான். பையை அங்க வைக்காதீங்க, அந்தக் கம்பியில ஒரு பக்கம் ஸ்க்ரூ லூசா இருக்கு. விழுப்புரம் தாண்டினா ஆட ஆரம்பிச்சுடும். ஏறின உடனே பாத்துட்டேன். இந்தப் பெட்டியில மொத்தம் ஆறு குறை இருக்கு. நீங்க உக்காந்திருக்கிற சீட்டுலயே ஒண்ணு. வேணாம், சொல்லல. சொன்னா அப்புறம் அதுவே உறுத்திட்டிருக்கும்.

தொழில் அப்படி. சாஃப்ட்வேர் டெஸ்டிங். ஒருத்தர் எழுதின புரோகிராம்ல எங்க தப்பு இருக்குன்னு தேடி, நம்பர் போட்டு எழுதி அனுப்பணும். பத்தொன்பது வருஷமா அதான் வேலை. பேரு ஞானசேகரன். ஆபீஸ்ல எனக்குன்னு ஒரு மரியாதை உண்டு. ஆபீசுக்குப் போயிட்டிருந்த காலத்துல நான் காபி மிஷின் பக்கம் போனா, அங்க நின்னு கதை பேசிட்டிருக்கிறவங்கல்லாம் உடனே சீட்டுக்குப் போய் வேலை பாக்க ஆரம்பிச்சுடுவாங்க.

நீங்களும் வீட்டிலேருந்து வேலை பாக்கிறவர், நாகர்கோவில்ல குடியேறலாமா வேணாமான்னு பாக்கத்தான் போறேன்னு சொன்னீங்க இல்ல, அதனால சொல்றேன். சரியான ஆள்கிட்ட வந்து மாட்டியிருக்கீங்க. எட்டு மாசமா நான் இதைத்தான் ஆராய்ச்சி பண்ணிட்டிருக்கேன். அவசரப்பட்டு முடிவெடுக்கக் கூடாது சார். நான் எடுத்த மாதிரி எடுக்கணும். எல்லாத்தையும் நானே யோசிச்சு, நானே அலசி, நானே எடுத்த முடிவு.

முதல்ல என் வீட்டைப் பத்திச் சொல்லணும். நங்கநல்லூர்ல ரெண்டு ரூம் ஃபிளாட். நான், என் மனைவி வசுமதி, பொண்ணு இலக்கியா. ப்ளஸ் ஒன் படிக்கிறா. கொரோனாவுல வீட்டிலேருந்து வேலை பாக்கச் சொன்னாங்க, அப்படியே நிரந்தரமாயிடுச்சு. அஞ்சு வருஷம். வீட்டுக்கு எவ்வளவு நல்லது பாருங்க, ஒரு ஆம்பள முழு நேரமும் கூடவே இருக்கான். அதுக்கு முன்னாடி காலையில போனா ராத்திரிதான் வருவேன், வீடு எப்படி ஓடுதுன்னே தெரியாது. கூடவே இருந்து பாத்தப்பதான் தெரிஞ்சுது, அடேயப்பா, எவ்வளவு தப்பு.

நான் கோவப்படற ஆள் இல்ல. கத்த மாட்டேன். ராத்திரி எட்டு மணிக்கு, அன்னிக்குக் கண்ணுல பட்டதையெல்லாம் நம்பர் போட்டு எங்க ஃபேமிலி வாட்ஸப் குரூப்புல அனுப்பிடுவேன். ஒண்ணு, குக்கர் மூணு விசிலுக்குப் பதிலா அஞ்சு. ரெண்டு, பால்கனிக் கதவு கிறீச். மூணு, தயிர் மூடி சரியா மூடல. எதெது அவசரம், எதெது பொறுத்துக்கலாம்னு கலர் போட்டிருப்பேன். ஒரு தடவ இலக்கியா ஃபோன்ல யார்கிட்டயோ பேசி சிரிச்சா, அமெரிக்காக்காரனோட மீட்டிங் நடக்கிற நேரம், அவனே என்ன சத்தம்னு கேட்டான். அதை சிவப்புல போட்டேன். அதுக்கப்புறம் அந்தப் பிரச்சினை வரவே இல்ல. பொண்ணு கெட்டிக்காரி, ஒரு தடவ சொன்னா போதும்.

வசுமதி ஒவ்வொரு லிஸ்டுக்கும் ஒரு கட்டைவிரல் போடுவா. அஞ்சு வருஷத்துல ஒரு நாள் கூட பதிலுக்கு ஒரு வார்த்தை பேசினதில்ல. அவ்வளவு ஒத்துமை.

அவ பாட்டு டீச்சர். சாயந்திரம் அஞ்சுலேருந்து ஏழு வரைக்கும் ஹால்ல குழந்தைங்களுக்கு கிளாஸ் எடுத்திட்டிருந்தா, ஒன்பது வருஷமா. என்னோட மீட்டிங்கும் அதே நேரம். நான் நிறுத்தச் சொல்லல சார், அதை நீங்க நல்லாப் புரிஞ்சுக்கணும். மெதுவாப் பாடச் சொன்னேன், அவ்வளவுதான். குழந்தைங்க ரெண்டு நாள் கிசுகிசுன்னு பாடிச்சு. மூணாவது நாள் அவளே கிளாஸை நிறுத்திட்டா. அவளுக்கும் அலுத்துப் போயிருக்கும்.

இப்படி இருக்கும்போது போன வருஷம் ஏப்ரல்ல, நம்மள மாதிரி ஆளுங்க சின்ன ஊருக்குக் குடிபோறதைப் பத்திப் படிச்சேன். நல்ல காத்து, நெரிசல் இல்ல, லேப்டாப்பும் இன்டர்நெட்டும் இருந்தா எங்கேருந்தா என்ன. சாப்பிடும்போது சும்மா பேச்சுவாக்குல சொன்னேன். நான் சொல்ற எதையும் வசுமதி அவ்வளவு கவனமா கேட்டதே இல்ல சார். கரண்டியைக் கீழ வச்சுட்டா. எந்த ஊரெல்லாம் யோசிக்கிறீங்கன்னு கேட்டா.

மறுநாளே ஏழு ஊரை வரிசையா எழுதி, காத்து, தண்ணி, கரண்டு, ஆஸ்பத்திரி, நெட்டுன்னு ஒவ்வொண்ணுக்கும் மார்க் போட்டேன். அவ நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்துல உக்காந்தா. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்துல நாங்க ரெண்டு பேரும் ஒரே வேலையை அப்படி சேர்ந்து செஞ்சதில்ல. புதுச்சேரின்னேன், சனி ஞாயிறானா ஒரே கூட்டம்னா. வேலூர், வெயில் மண்டையைப் பிளக்கும்னா. திருச்சியும் அதேதான்னா. கும்பகோணத்துல கொசு. திண்டுக்கல்ல தண்ணி இல்ல. திருநெல்வேலிக்கு நான் நல்ல மார்க்தான் போட்டிருந்தேன், அவ கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாத்தா என்னன்னா. நாகர்கோவில் மிஞ்சிச்சு. அதுக்கு மேல கடல்தான். மார்க்கைக் கூட்டிப் பாத்தா அதான் முதல்ல வந்தது. அவ சொன்னதும் என் கணக்கும் ஒண்ணாப் போச்சு பாருங்க.

நேராக் குடிபோயிட முடியுமா? வெள்ளோட்டம் பாக்கணும். முதல்ல ஒரு மாசம் நான் மட்டும் போய் இருந்து பாக்கிறேன், சரிவந்தா இலக்கியா ப்ளஸ் டூ முடிச்சதும் எல்லாரும் போயிடலாம்னு முடிவு பண்ணினேன். வசுமதி உடனே சரின்னா. அவளோட காலேஜ் சிநேகிதிக்கு அங்க ஒரு அத்தை, புஷ்பபாய்னு பேரு, ரிட்டயர்டு நர்ஸ். அந்த அம்மா வீட்டு மாடி காலியா இருந்தது. ஜூன் பதினஞ்சாம் தேதி போய் இறங்கினேன்.

போன முதல் வாரமே பதினாலு குறை. எழுதி வசுமதிக்கு அனுப்பினேன். அவளுக்குத் தெரியணும் இல்லையா, நாளைக்கு அவளும் வந்து இருக்கப்போற இடம். நெட்டு விட்டுவிட்டு வருதுன்னு எழுதினேன், மறுநாள் இன்னொரு கம்பெனிக்காரன் வந்து ரெண்டாவது லைன் இழுத்துட்டுப் போறான். யாருப்பா சொன்னதுன்னு கேட்டா, சென்னையிலேருந்து மேடம் பேசினாங்கங்கறான். கரண்டு போகுதுன்னேன், இன்வெர்ட்டர் வந்துடுச்சு. ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கலைன்னேன், ஒரு அம்மா ரெண்டு வேளையும் கேரியர்ல கொண்டுவந்து வைக்க ஆரம்பிச்சுட்டாங்க. சாயந்திரம் போரடிக்குதுன்னு ஒரே ஒரு வரி எழுதினேன், அடுத்த தெருவுல ஷட்டில் விளையாடறவங்க மூணு பேர் கதவைத் தட்டி, நீங்கதான ஞானசேகரன், ஆள் ஒண்ணு குறையுது வாங்கன்னு கூட்டிட்டுப் போயிட்டாங்க. எழுநூறு கிலோமீட்டர் தள்ளி இருந்துக்கிட்டு எல்லாத்தையும் சரி பண்ணினா சார். சென்னையில அந்த பால்கனிக் கதவுக்கு அஞ்சு வருஷம் எண்ணெய் விடல. புது ஊர்னா ஒரு ஆர்வம் வந்துடுது.

மாசம் முடிஞ்சுது. நான் கிளம்பறேன்னேன். மழை சீசன்ல எப்படி இருக்கும்னு பாக்காம எப்படி முடிவெடுப்பீங்கன்னு கேட்டா. நியாயம்தான? மழை முடிஞ்சுது, பனி எப்படின்னு பாத்துடுங்கன்னா. டெஸ்டிங்ல இருக்கிற எனக்கே தோணாதது அவளுக்குத் தோணுது. இப்படியே மாசாமாசம் ஓடிச்சு.

புஷ்பபாய் அம்மா ஒரு நாள் மாடிக்கு ரசவடை கொண்டுவந்து குடுத்துட்டு, வீட்டுக்காரியும் பிள்ளையும் எப்பம் வருவாங்கன்னு கேட்டாங்க. ப்ளஸ் டூ முடிஞ்சதும்னேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் சிரிச்சாங்க. அப்புறம், "சாருக்க வீட்டுக்காரி நல்ல கெட்டிக்காரியாக்கும்"னாங்க. அந்த ஊர்க்காரங்க வெள்ளந்தி சார், மனசுல பட்டதை அப்படியே பாராட்டிடுவாங்க.

நவம்பர்ல ஒரு சிக்கல். கம்பெனியில எல்லாரும் வாரத்துல மூணு நாள் சென்னை ஆபீசுக்கு வந்தே ஆகணும்னு மெயில் போட்டுட்டாங்க. எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம்தான். உடனே வசுமதிக்கு ஃபோன் போட்டு, நான் திரும்பி வந்துடறேன், ஆபீஸ் மூணு நாள், மிச்ச நாள் வீட்லதான்னு சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. லைன் கட்டாயிடுச்சோன்னு ரெண்டு தடவ ஹலோ ஹலோன்னேன். இருக்கேன்னா. குரல் ஒரு மாதிரி இருந்தது. ஆனந்தத்துல தொண்டை அடைச்சிருக்கும்.

ஆனா பாருங்க, தன்னோட சந்தோஷத்தைப் பெரிசா நினைக்காத ஜென்மம். மறுநாள் காலையில அவளே கூப்பிட்டு, உங்க சைனஸுக்கு சென்னைத் தூசி ஆகாது, மேனேஜருக்கு ஒரு லெட்டர் எழுதுங்கன்னா. எழுதுங்கன்னு சொன்னாளே தவிர அவளே எழுதி அனுப்பிட்டா. நல்ல இங்கிலீஷ். எனக்கு சைனஸ் அவ்வளவு மோசமா இருக்குன்னு அதைப் படிச்சப்பதான் எனக்கே தெரிஞ்சுது. எங்க மேனேஜர் அனிருத்தன், யாருக்கும் விலக்கு குடுக்காத ஆள். நிறைமாசப் பொண்ணுக்கே மூணு வாரம் இழுத்தடிச்சான். எனக்கு எவ்வளவு நேரத்துல அனுமதி வந்ததுன்னு சொல்லுங்க. பத்து நிமிஷம். டீம்ல எல்லாரும் வாழ்த்துச் சொல்லி மெசேஜ் போட்டாங்க, சில பேர் கேக் படம் கூட போட்டிருந்தாங்க. அப்பதான் என் அருமை எனக்கே புரிஞ்சுது.

என்ன சார், இருமறீங்க? தண்ணி இருக்கு, குடிங்க. ஏசி காத்து நேரா உங்க மேல அடிக்குது, அதான் நான் சொன்ன குறையில நாலாவது.

சரி, இப்ப விஷயத்துக்கு வரேன். முந்தாநாள் வெள்ளிக்கிழமை, யார்கிட்டயும் சொல்லாம கிளம்பி சென்னைக்கு வந்தேன். எப்பவும் தேதி சொல்லிட்டுத்தான் வருவேன். சொல்லாம வந்து அசத்தலாம்னு ஒரு ஆசை. சாயந்திரம் அஞ்சரை இருக்கும். மாடி ஏறிப் பாத்தா எங்க ஃபிளாட் வாசல்ல செருப்பு. ஒண்ணு ரெண்டு இல்ல, இருபத்திரெண்டு ஜோடி. எண்ணினேன். நம்ம ஊர்ல வீட்டு வாசல்ல அத்தனை செருப்பு எதுக்கு கிடக்கும்னு உங்களுக்குத் தெரியும். யாருக்கு என்ன ஆச்சோன்னு படியிலேயே நின்னுட்டேன். அப்பதான் உள்ளேருந்து சத்தம். ஸரிகம. ஒரு கும்பல் குழந்தைங்க, தொண்டை கிழியற மாதிரி.

உள்ள போய் நின்னேன். ஹால் பூரா குழந்தைங்க, என் ரூம் கதவு வரைக்கும். என் ரூமுக்குள்ளயும் ஒரு வரிசை. நான் அஞ்சு வருஷம் உக்காந்து வேலை பாத்த மேஜை சுவரோரமா போயிருந்தது, அது மேல சுருதிப் பெட்டி. வசுமதி நிமிர்ந்து பாத்தா. தாளம் போட்ட கை நிக்கல. அந்த வரியை முடிச்சு, அடுத்த வரியையும் முடிச்சுட்டுத்தான் எழுந்து வந்தா. வாங்கன்னா. அவ முகத்துல ஒரு வெளிச்சம் இருந்தது சார், என்னைப் பாக்கிறதுக்கு முன்னாடியே இருந்தது.

ஒரு ஓரமா உக்காந்தேன். குழந்தையைக் கூட்டிட்டுப் போக வந்த ஒரு அம்மா, சார் உங்க குழந்தை எதுன்னு கேட்டாங்க. நான் டீச்சரோட வீட்டுக்காரர்னேன். ஓ, டீச்சர் வீட்டுக்காரர் வெளியூர்ல இருக்கார்னு சொன்னாங்க, துபாய்னு நினைச்சிட்டேங்கன்னாங்க. உள் ரூம்லேருந்து இலக்கியா ஒரு குட்டிப் பொண்ணு கூட ஏதோ சொல்லி சிரிச்சிட்டு வந்தா. நல்லா சத்தமா. என்னைப் பாத்ததும் வாயை மூடிக்கிட்டா. ஏன்னு தெரியல. மீட்டிங் எதுவும் அப்ப இல்லையே.

நான் ஒண்ணும் சொல்லல. மூணாவது வரிசையில ஒரு குழந்தை தாளத்தை விட்டுட்டுது, அதை மட்டும் சொன்னேன். வசுமதி, தெரியும், அது சேர்ந்து நாலு நாள்தான் ஆகுதுன்னா.

நேத்து மத்தியானம் சாப்பிடும்போது என் முடிவைச் சொன்னேன். போதும் வெள்ளோட்டம், நான் திரும்பி வந்துடறேன், இவ்வளவு குழந்தைங்களை வச்சுக்கிட்டு நீ தனியா கஷ்டப்படறதைப் பாக்க முடியலைன்னேன். மனசாரச் சொன்னேன் சார். இலக்கியா சாப்பிடறதை நிறுத்திட்டு அவ அம்மாவைப் பாத்தா. வசுமதி எனக்கு ரசம் ஊத்திட்டு எதிர்ல உக்காந்தா.

"நீங்க இங்க இருந்த அஞ்சு வருஷத்துல என்கிட்ட பேசினது ஏதாவது ஒண்ணு ஞாபகம் இருக்கா?"ன்னு கேட்டா.

யோசிச்சுப் பாத்தேன். நிறையப் பேசியிருக்கேனே. ஆனா அந்த நேரத்துக்கு எனக்குக் குக்கர் விசில்தான் ஞாபகம் வந்தது. சொல்லல.

"இப்ப தினமும் காலையில முக்கால் மணி நேரம் பேசறோம். அன்னிக்கு மொட்டை மாடிக்கு மயில் வந்து உங்க லேப்டாப்பைக் கொத்தப் பாத்ததைச் சொன்னீங்க. நான் நாள் பூரா அதை நினைச்சு சிரிச்சேன். அந்த மனுஷனை எனக்குப் பிடிச்சிருக்கு. அவர் அங்கதான் இருக்கார். அதைக் கெடுத்துடாதீங்க."

அவ்வளவுதான் சொன்னா. குரலை உசத்தல. நான் ரசத்தைக் குடிச்சு முடிச்சேன். எனக்கு என்ன புரிஞ்சுதுன்னா, அவளுக்கு மயில்னா இவ்வளவு பிடிக்கும்னு எனக்கு இத்தனை நாள் தெரியல. இங்க நங்கநல்லூர்ல மயிலுக்கு எங்க போறது. அப்ப நாகர்கோவில்தான்னு முடிவு பண்ணினேன். நான்தான் முடிவு பண்ணினேன். ப்ளஸ் டூ முடிஞ்சதும் வந்துடுவீங்களான்னு கேட்டதுக்கு இலக்கியா, காலேஜ் மட்டும் இங்க படிச்சுடறேன்பா, நாலே வருஷம்தான்னா. நாலு வருஷம் என்ன சார், ஓடியே போயிடும். மே மாசம் வசுமதி மட்டும் பத்து நாள் வரேன்னிருக்கா. புஷ்பபாய் அம்மாகிட்ட அவளே பேசிட்டாளாம், அந்த அம்மா இவளுக்கு மீன் குழம்பு கத்துத்தரேன்னிருக்காங்களாம். எங்க வீட்ல நாங்க மீனே சமைச்சதில்ல. அவங்க ரெண்டு பேரும் இவ்வளவு நெருக்கமானது எப்பன்னு எனக்குத் தெரியல.

சாப்பிட்டு முடிச்சு நான் கை கழுவிட்டு வரதுக்குள்ள பீரோலேருந்து ஒரு கவரை எடுத்துட்டு வந்து மேஜை மேல வச்சா. வீட்டு வாடகை ஒப்பந்தம். மூணு வருஷத்துக்கு. பத்திரத்தாள்ல அழகா டைப் பண்ணி, புஷ்பபாய் அம்மா கையெழுத்து போட்டு, சாட்சியா வசுமதி கையெழுத்து போட்டு, என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. பேனாவும் அவளே குடுத்தா. போட்டேன்.

இதோ இந்தப் பையிலதான் இருக்கு, பாருங்க. டைப்பிங்ல ஒரு தப்பு இல்ல. நானே ரெண்டு தடவ படிச்சுப் பாத்தேன். அப்புறம் பழக்கதோஷம், தாளைத் திருப்பிப் பாத்தேன். பின்னாடி முத்திரைத்தாள் விக்கிறவரு சீல் அடிச்சு, யார் பேருக்கு வாங்கினது, என்னிக்கு வாங்கினதுன்னு கையால எழுதியிருப்பாரு. இதோ. என் பேருதான். தேதியைப் படிங்க.

ஜூன் மூணு.

நான் போய் இறங்கினது ஜூன் பதினஞ்சு.

அவ அப்ப பக்கத்துலதான் நின்னுட்டிருந்தா. இன்னிக்கு ரயிலுக்குன்னு எனக்குப் புளியோதரை கிளறவா, எலுமிச்சை சாதமான்னு கேட்டுட்டிருந்தா. இந்தத் தேதியைக் காட்டி, இது என்ன வசுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டா மறைக்கிற ஆள் இல்ல சார் அவ, அப்படியே சொல்லிடுவா.

அதான் கேக்கல. புளியோதரைன்னேன்.